முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: காசு எங்கே வீணாகிறது

விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டாரில் இரண்டு வகைக் குறை உண்டு. சில நூறு ரூபாயில் பின்னால் சரிசெய்துகொள்ளக்கூடியது ஒன்று. கிட்டார் விலையளவு செலவழித்தால்தான் போகக்கூடியது, அல்லது போகவே போகாதது இன்னொன்று. வாங்கப் போகிறவர்கள் முதல் வகைக்குப் பயந்து நல்ல கிட்டாரைத் திருப்பி மாட்டிவிட்டு, இரண்டாம் வகைக் குறையோடு பளபளவென்று இருப்பதைத் தூக்கி வருகிறார்கள்.

கம்பி பழசு, ஆக்‌ஷன் (கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி) உயரம், வால்யூம் குமிழைத் திருகினால் கரகரப்பு, சுதி நிற்கவில்லை: இவையெல்லாம் முதல் வகை. முறுக்கிய கழுத்து, ஏற்ற இறக்கமான ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை), திருகினாலும் அசையாத டிரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் கம்பி): இவை இரண்டாம் வகை. தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருக்கும். சுதி விலகினால் மெழுகை இளக்கி, மெட்டை நகர்த்தி, மறுபடி மேளம் கட்டிக்கொள்ளலாம், அதாவது மெட்டுகளைச் சுதிக்குப் பொருத்தி உட்கார வைக்கலாம். கிட்டாரில் ஃப்ரெட், மரத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் அடித்து இறக்கியது. பள்ளமே இடம் மாறியிருந்தால் மாறியதுதான்.

கழுத்தைப் பார்க்காமல் வாங்குவது

ஆசாரி பலகையின் நேர் பார்ப்பது போல, கிட்டாரின் உடல் பக்கத்தைக் கண்ணருகே வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். ஒரு ஓரம் நேராகவும் மறு ஓரம் வளைந்தும் தெரிந்தால் கழுத்து முறுக்கியிருக்கிறது. அதைக் கீழே வைத்துவிடலாம். விலை பேசவும் வேண்டாம்.

நேராக இருந்தால் அடுத்த சோதனை. ஆறாவது கம்பியை (மிகத் தடித்தது) முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் இன்னொரு கையாலும் அழுத்துங்கள். இழுத்துக் கட்டிய கம்பிதான் இங்கே அளவுகோல். ஏழு, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி, அதாவது சுமார் 0.25 மி.மீ., இருக்கவேண்டும். அதிகமாக இருந்தாலோ, இடைவெளியே இல்லையென்றாலோ டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பிக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். வளைவு மாறினால் சரி. ராட் அசையவில்லை என்றாலோ, ஏற்கெனவே கடைசி வரை முறுக்கியிருந்தாலோ அந்தக் கிட்டார் வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி வாசிக்கவேண்டும். 22 ஃப்ரெட் என்றால் மொத்தம் 132 ஸ்வரம். பத்து நிமிஷம் ஆகும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால், அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. முதல் நாலைந்து ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியும் இரைந்தால் பெரும்பாலும் கழுத்து வளைவுதான் காரணம், அது ராடில் சரியாகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே, மிக மெல்லிய முதல் இரண்டு கம்பிகளை வளைத்தும் பாருங்கள். பாதியில் ஒலி செத்துப்போனால் மேல் ஃப்ரெட்டுகள் சமமில்லை. கடைசியாகக் கழுத்தின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையை ஓட்டுங்கள். மரம் காய்ந்து சுருங்கினால் ஃப்ரெட் நுனி வெளியே துருத்தி அரம் போல அறுக்கும். அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம், ஆனால் அந்தச் செலவையும் விலையில் குறைத்துப் பேசவேண்டும்.

பழியைக் கீ மேல் போடுவது

“சுதி நிற்கவே மாட்டேன் என்கிறது” என்று சொல்லி, கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீ ஆறையும் மாற்றுகிறவர்கள் அநேகம். பல சமயம் குற்றவாளி நட், அதாவது கழுத்தின் உச்சியில் கம்பிகள் படிந்து போகும் பள்ளங்கள் உள்ள பட்டை. கீயைத் திருப்பும்போது “டிங்” என்று சின்னச் சத்தத்தோடு சுதி குதித்தால், கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கி விடுபடுகிறது என்று பொருள். பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிட்டாலே பாதி சரியாகும்.

நட்டில் இன்னொரு வம்பும் உண்டு. விலை குறைந்த கிட்டார்களில் பள்ளத்தை முழு ஆழம் வெட்டாமல் விட்டுவிடுவார்கள். திறந்த கம்பிகள் அத்தனையும் சுதியில் நிற்கும். முதல் ஃப்ரெட்டில் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து) பிடித்தால் மட்டும் ஏறிக் கேட்கும், விரலும் வலிக்கும். கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். தலைமுடி இடைவெளிதான் இருக்கவேண்டும். கூடுதலாக இருந்தால், பழகிய கை மெல்லிய அரத்தால் இறக்கிக் கொடுக்கும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் புது நட் போடவேண்டும், ஆகையால் வீட்டில் முயல வேண்டாம்.

ஆக்‌ஷன் 12ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கு 2 மி.மீ., முதல் கம்பிக்கு 1.5 மி.மீ. என்று வைத்தால் பெரும்பாலோர் கைக்கு ஒத்துவரும். அதே ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும், தொட்டுத் தொடாமல் எழுப்பும் ஹார்மோனிக்கும் ட்யூனரில் ஒன்றாகக் காட்டவேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் பிரிட்ஜில் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பகுதி) அந்தக் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னுக்கு நகர்த்தவேண்டும், இறங்கியிருந்தால் முன்னுக்கு. துருப்பிடித்த கம்பியில் இந்தக் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது, புதுக்கம்பி போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

கைப்பிடி ஆடும் பிரிட்ஜில் மயங்குவது

திருவையாற்றுப் பக்கம் பாட்டு கற்றவர்கள் கிட்டாரிலும் கமகம் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். கிட்டாரில் கர்நாடக இசை வாசித்த சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றவர்கள் அந்த வழியைப் போட்டே வைத்திருக்கிறார்கள். ஆனால் கைப்பிடியால் ஆட்டிச் சுதியை ஏற்றி இறக்கும், ஸ்பிரிங்கில் மிதக்கும் ட்ரெமலோ பிரிட்ஜ் அதற்கு எதிரி. ஒரு கம்பியை இழுத்து வளைக்கும்போது பிரிட்ஜே முன்னால் சாய்ந்து மற்ற ஐந்து கம்பிகளின் சுதியும் இறங்கும். கூட ஒலிக்கிற சுதிக்கம்பி தாழ்ந்தால் ராகம் எங்கே நிற்கும்? அசையாத பிரிட்ஜ் உள்ளதை எடுங்கள். ட்ரெமலோ உள்ளதுதான் கிடைக்கிறது என்றால், பின் மூடியைத் திறந்து ஸ்பிரிங் கொக்கியின் இரண்டு திருகாணிகளையும் முறுக்கி, பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும்படி செய்துகொள்ளலாம். மலிவு கிட்டாரில் வரும் ஃபிளாய்ட் ரோஸ் வகை லாக்கிங் (கம்பியைப் பூட்டி வைக்கும்) பிரிட்ஜை முதல் கிட்டாருக்குத் தொடவேண்டாம். ஒரு கம்பி மாற்றுவதற்குள் பொழுது போய்விடும்.

வளைத்து வாசிப்பவர்களுக்கு 9–42 கம்பி இலகு (முதல், ஆறாவது கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). 10–46 போட்டால் ஒலி கனக்கும், விரலும் கனக்கும். கம்பித் தடிமனை மாற்றினால் கழுத்து வளைவையும் சேடிலையும் மறுபடி பார்க்கவேண்டும்.

மரத்துக்குக் காசு, ஒலிக்குப் பட்டினி

“மஹோகனி உடம்பு சார்” என்று விற்பார்கள். இந்த விலையில் உடல் மரத்தை விட பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஆம்பும்தான் காதுக்குத் தெரியும். பிக்கப் உயரத்தை வெறும் ஸ்க்ரூ டிரைவரால் மாற்றலாம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே தடித்த கம்பிப் பக்கம் சுமார் 3 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. என்று வைத்துத் தொடங்குங்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பை ரொம்ப நெருக்கினால் காந்தம் கம்பியை இழுத்து ஸ்வரம் அலைபாயும்.

சிங்கிள் காயில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். பழைய சோக் வைத்த ட்யூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் உள்ள அறையில் நன்றாகவே கேட்கும். இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அடக்குவதே ஹம்பக்கர். கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் உருவாக்கியது. பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் என்ற அமைப்பு மெல்லிசைக் குழுவுக்கும் சர்ச் பாடல் குழுவுக்கும் ஒருசேர உதவும்; யமஹா பசிஃபிகா 112வி அப்படிப்பட்டது. ஸ்கொயர் என்பது ஃபென்டரின் மலிவு வரிசை, எபிஃபோன் கிப்ஸனுடையது. கோர்ட், ஐபனீஸ் ஜியோ வரிசைகளும் பார்க்கத் தகுந்தவை. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரே மாடலில் இரண்டு கிட்டார் இரண்டு விதமாக இருக்கும். மேலே சொன்ன சோதனை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி.

இருபத்தைந்தாயிரம் கையில் இருந்தால் அத்தனையையும் கிட்டாரில் போடாதீர்கள். பதினைந்து, பதினாறு கிட்டாருக்கு, ஆறேழு ஆம்புக்கு, மீதி கேபிள், கம்பி, பை, செட்டப் கூலிக்கு. ஹோம் தியேட்டரிலோ மிக்ஸரிலோ செருகிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம். கிட்டார் பிக்கப்புக்கு எதிரே சுமார் 10 லட்சம் ஓம் உள்ள சாக்கெட் வேண்டும். இவற்றின் லைன் சாக்கெட் பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். உச்ச ஒலியெல்லாம் செத்து, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். நடுவே ஒரு டிஐ பாக்ஸோ (கிட்டார் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியோ வேண்டும்.

எர்த்

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பயமில்லை, பிரிட்ஜின் எர்த் வயர் சரியாக இருக்கிறது. கம்பியைத் தொட்டதும் சுருக்கென்று இழுத்தால் உடனே ஆம்பை நிறுத்துங்கள்; பழைய வீட்டில் மூன்று துளை சாக்கெட் இருந்தும் எர்த் இணைப்பு இல்லாமல் இருக்கக்கூடும். திருவிழா மேடையில் ஜெனரேட்டர் மின்சாரம் வரும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக்: இரண்டும் வேறு வேறு லைனில் இருந்து ஒன்றில் எர்த் பழுதாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. வாசிக்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

கடற்கரைப் பழைய கிட்டார்

நாகை, வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கம் உப்புக்காற்று. மேலே வேறு கம்பி சுற்றாத மெல்லிய மூன்று கம்பிகள் முதலில் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். பூச்சுப் பூசிய கம்பி விலை கூடுதல்தான், இந்த ஊர்களில் அது தண்டச்செலவு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறிய சுவரில் கிட்டாரை மாட்டாமல், சிலிக்கா ஜெல் போட்ட பைக்குள் வையுங்கள். கழுத்து வளைவை மழைக்காலத்தில் ஒரு தடவை, சித்திரை வெயிலில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கிட்டார் வாங்கும்போது சேடிலின் சின்னத் திருகாணிகளைப் பாருங்கள். துருவில் குழி தேய்ந்திருந்தால் ஆலன் கீ வழுக்கும், ஆக்‌ஷனை மாற்றவே முடியாது. பிரிட்ஜை மாற்றினால் தீரும். மெல்லிய கம்பிகளுக்கு நேர் கீழே முதல் மூன்று ஃப்ரெட்டில் நகம் சிக்குகிற அளவு பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் வேண்டாம். எல்லா ஃப்ரெட்டையும் மாற்றும் கூலி அந்தக் கிட்டாரின் விலையை எட்டிவிடும்.