அருகம்புல் தரை: விதைக்கும் காலத்தில் செய்யக் கூடாத தவறுகள்

'பெர்முடா' என்று பாக்கெட்டில் விற்கும் விதை நம் அருகம்புல்லின் இனம்தான். அதை எப்போது விதைப்பது என்று தேடினால் ஏப்ரல் கடைசி, மே என்றே பதில் வரும். அது ஜார்ஜியா, டெக்சஸ் போன்ற இடங்களுக்கான கணக்கு. அங்கே குளிர் விலகி மண் 18 டிகிரியைத் தாண்டினால்தான் முளைப்பு. தமிழகச் சமவெளியில் மண்ணுக்குச் சூடு குறைவதே இல்லை. இங்கே நாள் குறிப்பது தண்ணீர்.

கத்திரி வெயிலில் விதைப்பதுதான் பெரிய தவறு. இந்த விதை அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது. அதாவது, முதலில் காய்கிற மேல்மண்ணில்தான் அது கிடக்கிறது. ஊறி முளை விட்ட விதை ஒரு மதியம் காய்ந்தாலும் செத்துவிடும், மறுபடி நீர் ஊற்றினாலும் எழாது.

ஐப்பசி மழையை நம்பி விதைப்பதும் அதே அளவு நட்டம். கிலோவுக்குச் சுமார் 40 லட்சம் விதைகள் என்றால் ஒவ்வொன்றும் எவ்வளவு லேசு! ஒரு கனமழை போதும், எல்லாம் பள்ளமான மூலைக்குப் போய்ச் சேரும். அங்கே மட்டும் மெத்தையாக முளைக்கும், மற்ற இடம் மொட்டையாக நிற்கும்.

ஆகவே சென்னை, டெல்டா மாவட்டங்களில் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் விதைத்துவிட வேண்டும். புல் ஓடிப் படர்ந்து மண்ணைப் பிடிக்க எட்டு வாரமாவது தேவை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த எட்டு வாரம் கிடைக்க வேண்டும். ஆடிப்பட்டம் இதற்கும் பொருந்தும். ஆனால் கோவை, பொள்ளாச்சி, தென்காசியில் அந்த மாதங்களில் மலைக் கணவாய் வழியே வீசும் காற்று மேல்மண்ணை உலர்த்தி விதையையும் வாரிக்கொண்டு போகும். அங்கே தை பிறந்த பிறகு, பிப்ரவரி நடுப்பகுதிக்குள் விதைப்பதே நல்லது. கிணற்றில் நீர் இருக்கும், வெயிலும் கடுமையாக இருக்காது. கோடை முழுக்கப் பாய்ச்ச நீர் இல்லாதவர்கள் மட்டும் தையைத் தவிர்க்கலாம். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு அருகு சரிப்படாது, அங்கே கிக்குயு புல்தான்.

விதைக்கும் நாளை முடிவு செய்ததும் அதிலிருந்து ஆறு வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். மண்ணைக் கொத்திச் சமன் செய்து, விதை போடாமல் நீர் மட்டும் பாய்ச்ச வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் கோரை தலைகாட்டும். கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சி, இன்னொரு முறை எடுக்க வேண்டும். இலையை மட்டும் பிடுங்கினால் கிழங்கு திரும்பத் துளிர்க்கும். களைக்குப் பயந்து பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லியை அடித்தால் புல் விதையும் முளைக்காது.

ஃபெஸ்க்யூ, ரை, கென்டக்கி புளூ என்று பெயர் போட்ட பாக்கெட்டுகள் குளிர் நாட்டுப் புல். முளைத்தாலும் சித்திரை வெயிலில் கருகிவிடும். டிஃப்வே 419 என்ற பெர்முடா கலப்பினம் மலட்டு ரகம், கரணையாகத்தான் நட முடியும். அதற்கு 'விதை' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

1000 சதுர அடிக்கு 500 முதல் 900 கிராம் போதும். மேல்பூச்சு உள்ள விதையில் பாதி எடை பூச்சாகவே இருக்கக்கூடும், அதற்கேற்ப அளவைக் கூட்டுங்கள். ஐந்து மடங்கு உலர்ந்த மணலில் கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்காகவும் தூவி, லேசாகக் கீறி அழுத்திவிடுங்கள். முதல் இரண்டு வாரம் பூவாளியால் தினம் மூன்று நான்கு முறை மேல்மண் நனையும் அளவுக்குத் தெளித்தால் போதும், ஹோஸ் நீரை நேராகப் பாய்ச்சாதீர்கள்.

பத்தாம் நாள் பச்சை தெரியவில்லையே என்று பதறி மறுபடி விதைப்பவர்கள் உண்டு. தோல் நீக்கிய விதைக்கு 7 முதல் 14 நாள், தோலோடு உள்ளதற்கு மூன்று வாரம் அல்லது அதற்கு மேலும் ஆகும். அதுவரை மண்ணைக் கிளறாமல் ஈரத்தை மட்டும் காப்பாற்றுங்கள்.