மூன்று பேரை வைத்து மனசைப் பார்ப்பது எப்படி

பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பத்துச் சீட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றில் "நான்". மற்றவற்றில் அப்பச்சி (அப்பா), ஆத்தா (அம்மா), அப்பத்தா, மதிக்கும் ஆசிரியர், பிடிக்காத ஒருவர் (இவர் கட்டாயம்) என்று எதிரில் இருப்பவரை எழுதச் சொல்லுங்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் கெல்லி 1955இல் விளக்கிய முறை இது. மனிதர் ஒவ்வொருவரும் ஒரு விஞ்ஞானி, அடுத்து நடப்பதை ஊகிக்கத் தனக்கென்று அளவுகோல்கள் வைத்திருக்கிறார் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு அளவுகோலுக்கும் இரண்டு முனை.

மூன்று சீட்டை எடுத்து அவரிடம் கேளுங்கள்: எந்த இருவர் ஒரு விதத்தில் ஒன்றுபோல, மூன்றாமவர் எதில் வேறு? "உயரம்", "ஒரே ஊர்" என்றால் விட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். பிறகு அதற்கு எதிர்ச்சொல்லைக் கேளுங்கள்; அந்த இரண்டும்தான் ஓர் அளவுகோலின் இரு முனை. இங்கேதான் அவசரப்படக் கூடாது. அகராதிச் சொல்லை நீங்களாக எடுத்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் வீண்.

காரைக்குடியில் எங்கள் வளவில் உட்கார்ந்து தங்கச்சி மகளுக்கு இதைச் செய்தேன். மாமியாரைப் பற்றிக் குறையோடு வந்திருந்தாள். "அப்பத்தாவும் அப்பச்சியும் அமைதியானவுக, மாமியார் அப்படியில்ல" என்றாள். எதிர்ச்சொல் கோபக்காரர் என்று வரும் என நினைத்தேன். வெகுநேரம் யோசித்து, "நம்மளக் கவனிக்கிறவுக" என்றாள். சொன்ன பிறகு அவளே திகைத்துப்போனாள்.

இப்படி ஏழெட்டு அளவுகோல் சேர்ந்ததும் மேலே பெயர்கள், பக்கத்தில் அளவுகோல்கள் என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எந்த முனை பொருந்துகிறது என்று, ஒரு முனைக்கு டிக்கும் மறுமுனைக்குப் பெருக்கல் குறியும் போடுங்கள். இரண்டு வரிசை ஏறக்குறைய ஒன்றாக வந்தால், அவருக்கு அவை இரண்டும் ஒரே அளவுகோலாக இருக்கலாம். "நான்" யாரோடு ஒத்துப்போகிறது என்பதைக் கடைசியில் பாருங்கள்.

இந்த முறையை நம்பித்தான் செய்கிறேன். ஆனாலும் 1956இலேயே இன்னொரு அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் ப்ரூனர் சொன்ன குறை எனக்கு நியாயமாகப் படுகிறது: காதலிலும் கோபத்திலும் இருப்பவர் தன் அளவுகோல்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டா இருக்கிறார்? பதற்றம், குற்றவுணர்வு எல்லாவற்றையும் கெல்லி அளவுகோலின் தடுமாற்றமாகவே விளக்கினார். சின்ன வயசில் இந்த அளவுகோல்கள் எப்படி உருவாகின்றன என்பதையும் அவர் போதிய அளவு சொல்லவில்லை என்பார்கள்.

அன்றைக்கு அப்பச்சி சீட்டு இரண்டாம் முறை வந்தபோது அவள் அதைக் கையைவிட்டு வைக்கவே இல்லை. விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அதை எந்தக் கட்டத்தில் குறிப்பது? பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அப்பச்சியைப் பற்றி அவள் பேசி முடிக்க விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. உங்கள் எதிரில் இருப்பவர் கையும் அப்படி நின்றால், நீங்களும் பென்சிலை வைத்துவிடுங்கள். கட்டம் பாதியில் நிற்கட்டும்.