செவலைக்கு ஒரு தனிச் சட்டி: நாய்க்கு வீட்டிலேயே சமைப்பது எப்படி?

எங்கள் வீட்டுச் செவலை தெருவில் பிறந்தவள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஐப்பசி மழையில் எங்கள் வண்டிக்கு அடியில் வந்து ஒதுங்கினாள். மழை விட்டது, அவள் போகவில்லை. முதல் வருடம் நாங்கள் சாப்பிட்டதுதான் அவளுக்கும்: ரசஞ்சோறு, குழம்புச்சோறு, ஞாயிற்றுக்கிழமை என்றால் எலும்பு. வாரத்துக்கு இரண்டு நாள் வாந்தி. முதுகில் முடி கொட்டி, கைப்பிடி அகலத்துக்குத் தோல் தெரிந்தது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "வீட்டுல என்ன குழம்பு வைப்பீங்க?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தனிச் சட்டி. "மனுஷருக்கே இவ்வளவு பாத்துச் சமைக்கிறதில்ல" என்று அம்மா இன்றைக்கும் முனகுவார். ஆனால் சட்டியை இறக்கி ஆறவைப்பதும் அவர்தான். மதுரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் சட்டி ஒன்றுதான். பருவத்துக்குத் தகுந்தபடி தண்ணீர், அளவு, நேரம் இந்த மூன்றை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கான அளவு. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குட்டி, சினையாக இருக்கும் நாய், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் ஆகியவற்றுக்கு இதைச் சமைக்காதீர்கள். அவற்றின் கணக்கே வேறு.

1. எடை பாருங்கள்

வீட்டு எடை மெஷினில் நாய் தனியாக நிற்காது. நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள், அப்புறம் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம்தான் நாயின் எடை. செவலை 15 கிலோ. கருத்தடை செய்த, நடுத்தரமாக ஓடியாடும் 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி வேண்டும்.

எடை இரண்டு மடங்கு என்றால் சோறும் இரண்டு மடங்கு என்று நினைக்க வேண்டாம். 30 கிலோ ராஜபாளையம் நாய்க்கு இதில் ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே போதும். 7 கிலோ பொமரேனியனுக்குப் பாதியைவிடக் கொஞ்சம் கூட.

2. வாங்க வேண்டியவை (15 கிலோ நாய்க்கு, ஒரு நாளைக்கு)

- தோல் உரித்த, எலும்பில்லாத கோழித் தொடைக்கறி: 300 கிராம்
- அரிசி: 100 கிராம்
- பரங்கிக்காய்: 100 கிராம்
- முட்டை: 1
- சமையல் எண்ணெய்: 1 டீஸ்பூன்
- முட்டை ஓட்டுத் தூள்: அரை டீஸ்பூன்

ரேஷன் புழுங்கலரிசியே தாராளம். பரங்கிக்காய் இல்லாவிட்டால் கேரட், பீன்ஸ், சுரைக்காய் எதுவும் சரி. கறிக்கடையில் "நாய்க்கு" என்று சொல்லிவிடாதீர்கள். கழுத்தும் காலும் தோலுமாகப் பையில் போட்டுத் தந்துவிடுவார்கள். போன்லெஸ் என்று மட்டும் கேளுங்கள். ஈரலை நாய்கள் உயிரைக் கொடுத்துத் தின்னும். வைட்டமின் ஏ அதில் மிக அதிகம் என்பதால் இந்த எடைக்கு வாரம் 100 கிராமைத் தாண்டக் கூடாது.

வாரத்தில் ஒரு நாள் கோழிக்குப் பதில் மத்தி மீன் போடுகிறேன். முள் நசுங்கும் வரை குக்கரில் வேகவிட வேண்டும். கருவாடு வேண்டவே வேண்டாம், அத்தனையும் உப்பு.

3. சட்டிக்குள் போகக் கூடாதவை

புதிதாகச் சமைப்பவர்கள் இடறி விழும் இடம் இதுதான். நம் அடுப்படியில் வெங்காயமும் பூண்டும் புளியும் இல்லாமல் என்ன இருக்கிறது? அந்த மூன்றுமே நாய்க்கு ஆகாது.

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையோ, வதக்கியதோ, பொடியோ, எல்லாம் ஒன்றுதான். வெந்தால் காரம் போகும், நஞ்சு போகாது. இதில் மோசம் என்னவென்றால், தின்ற அன்றைக்கே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், படுத்த இடத்தை விட்டு நாய் எழாது. அதற்குள் என்ன கொடுத்தோம் என்பதே நமக்கு மறந்திருக்கும்.

திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று இப்போது பேசப்படுகிறது. அதே அமிலம் நம் புளியிலும் தாராளமாக இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் உண்டு. அதனால் ரசஞ்சோறு, சாம்பார்சோறு, புளியோதரை மூன்றுக்கும் எங்கள் வீட்டில் தடை. டாக்டர் பேனாவை மூடியது ரசம் என்று சொன்ன இடத்தில்தான்.

சாக்லேட், காப்பி, டீ, சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் போடும் சைலிட்டால் ஆகியவையும் கூடாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். "எங்க தாத்தா காலத்துல எலும்பு தின்னுதான் நாய் வளந்துச்சு" என்று யாராவது சொன்னால், அந்தக் காலத்தில் செத்த நாய்களை யாரும் எண்ணி வைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை போட்டால் பாதகமில்லை, போடாவிட்டாலும் ஒன்றுமில்லை. உப்பு போட வேண்டாம். ருசி பார்த்து "சப்பென்று இருக்கிறதே" என்று கவலைப்படாதீர்கள், உங்களுக்குத்தான் சப்பென்று இருக்கும்.

4. சமைப்பது

நான் மூன்று நாளைக்குச் சேர்த்துச் செய்கிறேன்: கறி 900 கிராம், அரிசி 300 கிராம், பரங்கி 300 கிராம். அடிகனமான சட்டி வேண்டும்.

அரிசியைக் களைந்து ஐந்து பங்கு தண்ணீரில் போட்டு, அடுப்பை மிதமாக வையுங்கள். கஞ்சி வடிக்க வேண்டாம். அரிசி பாதி வெந்ததும் கட்டைவிரல் நுனி அளவுக்கு நறுக்கிய கறியைச் சேருங்கள். பெரிய துண்டாகப் போட்டால் சோற்றை ஒதுக்கிவிட்டுக் கறியை மட்டும் பொறுக்கித் தின்னும்; செவலை அதில் கைதேர்ந்தவள். பத்து நிமிடம் கழித்துப் பரங்கித் துண்டுகள். மூடியைச் சாய்த்து வைத்து இன்னும் பதினைந்து நிமிடம். ஒரு கறித்துண்டைப் பிய்த்துப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பு துளிகூடத் தெரியக் கூடாது. சோறு விரலில் எடுத்தால் மசிய வேண்டும். இறக்கி எண்ணெய் விட்டு ஒரு கிண்டு. முட்டையைத் தனியாக அவித்து, பரிமாறும்போது உதிர்த்துப் போடுங்கள்.

கைச்சூடு வரும்வரை ஆறவைத்து, மூன்று சம்படங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு நாள் அளவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். குக்கர் விசில் எத்தனை வந்தாலும் செவலை கண்ணைக்கூடத் திறக்க மாட்டாள். அந்தச் சம்பட மூடி "டொக்" என்று திறக்கும் சத்தம் மட்டும் மொட்டைமாடி வரை கேட்டுவிடும்.

5. முட்டை ஓட்டுத் தூள்

கறியும் சோறும் மட்டும் தின்னும் நாய்க்குச் சுண்ணாம்புச்சத்து போதாது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். இப்படியே மாதக்கணக்கில் ஓடினால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்க ஆரம்பிக்கும்.

ஓடுகளைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, உள்சவ்வை உரித்துவிட்டு வெயிலில் காயப்போடுங்கள். வெறும் வாணலியில் லேசாக வறுத்து மிக்ஸியில் மாவாக அரைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள். விரலில் தேய்த்தால் பவுடர் மாதிரி இருக்க வேண்டும், நறநறவென்று இருந்தால் திரும்ப அரையுங்கள். அரை டீஸ்பூனில் சுமார் ஒரு கிராம் கால்சியம் கிடைக்கும். 15 கிலோ நாய்க்கு அது போதும், அதற்கு மேல் அள்ளிப் போடாதீர்கள்.

கால்சியத்தோடு கதை முடிந்துவிடாது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசி 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 95 குறிப்புகளில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தது. துத்தநாகம், வைட்டமின் டி, வைட்டமின் ஈ எல்லாம் சட்டியில் தானாக வராது. என்னுடைய இந்தக் குறிப்பும் அந்த 95-இல் சேர்ந்ததுதான். அதனால் உங்கள் மருத்துவரிடம் எடையைச் சொல்லி, சத்துப்பொடி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால் ஒரு வேளை இந்தச் சாப்பாடு, ஒரு வேளை நல்ல கடைத்தீனி என்று வையுங்கள்.

6. ஒரே நாளில் மாற்றாதீர்கள்

முதல் இரண்டு நாள் பழைய சாப்பாடு முக்கால், புதியது கால். அடுத்த இரண்டு நாள் பாதிப் பாதி. அப்புறம் கால், முக்கால். ஒரு வாரத்தில் முழுசாக மாறிவிடலாம். நடுவில் மலம் இளகினால் ஒரு படி பின்னால் போங்கள்.

7. பங்குனி, சித்திரை, வைகாசி

எங்கள் ஊரில் மற்ற பருவங்கள் வந்து போகும், வெயில் மட்டும் குடியிருக்கும். நாய்க்கு வியர்வை உள்ளங்காலில் மட்டும்தான். மற்ற சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சால்தான் வெளியே தள்ள வேண்டும். அதனால் கோடையில் சாப்பாடு காலை ஆறு மணிக்கு முன், இரவு எட்டு மணிக்குப் பின். நடைக்கும் அதே கணக்கு. வெளியே போகுமுன் புறங்கையைத் தார்ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது.

சட்டியில் தண்ணீரைக் கூட்டி, கஞ்சிப் பதத்தில் கொடுங்கள். கறி வேகவைத்த உப்பில்லாத தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் உறைய வைத்துத் தட்டில் கவிழ்த்தால், செவலை அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டுவாள். கொட்டை நீக்கிய தர்பூசணி இரண்டு துண்டு தரலாம். மாம்பழமும் தரலாம், ஆனால் கொட்டையைக் கண்ணில் காட்டாதீர்கள். விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு வேளை சாப்பிடாமல் படுத்தால் பதற வேண்டாம். ஆனால் மிச்சத்தை மறுவேளைக்கு என்று தட்டிலேயே விடாதீர்கள், அந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சோறு தாங்காது. விடாமல் இரைப்பு, பிசுபிசுவென்று எச்சில், ஈறு கடுஞ்சிவப்பு, தள்ளாட்டம் என்று கண்டால் அது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, ஃபேனைப் போட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

8. ஆடி

ஆடியில் தெருவுக்குத் தெரு கூழ். "கேப்பை கால்சியம்தானே" என்று செவலைக்கும் ஒரு சொம்பு வரும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் போலக் கால்சியம் இருப்பது உண்மைதான், ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதை முழுதாக உடம்பில் சேர விடாது. தவிர அந்தக் கூழில் சின்ன வெங்காயமும் உப்பும் மிதக்கும். வாங்கி நான் குடித்துவிடுவேன்.

9. ஐப்பசி, கார்த்திகை

மழையில் நடை குறையும், ஆகவே அரிசியில் கால் பங்கைக் குறையுங்கள். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு, மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். வீடு திரும்பியதும் கால்விரல் இடுக்கைத் துடைத்து, காது மடலுக்குள்ளும் பார்த்து உண்ணி பொறுக்க வேண்டும். நசுக்காதீர்கள், சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

தீபாவளியன்று மாலை வெடி தொடங்கும் முன்பே நடையையும் சாப்பாட்டையும் முடித்துவிடுங்கள். பயந்த நாய் அப்புறம் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. லட்டில் இருக்கும் உலர் திராட்சையையும் பிரியாணி எலும்பையும் விருந்தாளிகள் அன்போடு நீட்டுவார்கள். வாசலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

10. மார்கழி, தை

இங்கே குளிர் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. சாப்பாட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள், வயதான நாய்க்கு ஒரு சாக்கை விரித்துப் போடுங்கள். அவ்வளவுதான்.

மாதத்துக்கு ஒரு முறை மெஷினில் ஏறுவதை மட்டும் விடாதீர்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. தட்டுப்படவில்லை என்றால் அரிசியைக் குறையுங்கள், துருத்தினால் கூட்டுங்கள். தை முடிந்து பார்த்தபோது செவலை 15 கிலோ 900. சட்டியில் அளவு மாறவில்லை. விசாரித்ததில், பக்கத்து வீட்டு அக்கா தினமும் காலையில் சுற்றுச்சுவர் மேல் இரண்டு இட்லி வைத்திருக்கிறார். "சட்னி தொடல தம்பி, வெறும் இட்லிதான்" என்றார். இப்போது அந்த இரண்டு இட்லியையும் கணக்கில் சேர்த்து, காலைச் சோற்றில் ஒரு பிடியைக் குறைத்துக்கொண்டேன்.