ரஃபேல் விவாதமா? முதலில் அந்தக் கால்குலேட்டரை மூடுங்கள்

கல்லூரி வாதப்போட்டிகளுக்கு நடுவராகப் போனால் ஒரே தலைப்பைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். வெளிநாட்டுப் போர் விமானம் வாங்கலாமா, கூடாதா என்பது அதில் ஒன்று. எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு பிரான்சிடம் நாம் வாங்கிய ரஃபேலில் போய் நிற்கும். மாணவனாக இருந்தபோது நான் மேடையில் முழங்கிய அதே மாதிரிப் பிழைகளை இப்போதைய பிள்ளைகளும் முழங்குகிறார்கள். மேற்கு வங்கத்து ஹசிமாரா விமானத் தளத்தை அசாமில் கொண்டுபோய் வைப்பது, மிராஜையும் மிக்கையும் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். கூகுளில் தட்டினால் திருந்திவிடும்.

மொத்தத் தொகையை எண்ணிக்கையால் வகுப்பது

சமீபத்தில் ஒரு போட்டி. எதிர்த்துப் பேசிய தம்பி சார்ட் பேப்பரை விரித்தார். 36 விமானம், 59,000 கோடி ரூபாய். ஆக ஒன்று 1,640 கோடி. ஆதரித்துப் பேசிய மாணவி எழுந்து, "ஒன்று சுமார் 670 கோடி என்று 2016-ல் அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது" என்று வெட்டினார். இரண்டு பேருக்கும் கைதட்டல். இரண்டுமே ஒரே ஒப்பந்தத்தின் எண்கள்! எதிராளியின் எண் எங்கிருந்து வந்தது என்று இருவருமே கேட்கவில்லை. முடிந்ததும் அந்தத் தம்பி என்னிடம் வந்து, "கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன் சார், கரெக்டாதான் வருது" என்றார். வரும்தான்.

2016 செப்டம்பர் 23-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 787 கோடி யூரோ. அப்போது பத்திரிகைகளில் வெளிவந்த பிரிப்பைப் பார்த்தால், வெறும் விமானங்களுக்கு அதில் பாதிகூட இல்லை. மீதியில் மீட்டியார், ஸ்கால்ப் ஏவுகணைகள் இருக்கின்றன. உதிரிபாகங்கள் இருக்கின்றன. முக்கால்வாசி விமானங்களாவது எப்போதும் பறக்கத் தயாராக இருக்கும் என்ற பராமரிப்பு உறுதி இருக்கிறது. லே மாதிரி உயரமான தளத்தில், கடுங்குளிரிலும் எஞ்சின் கிளம்ப வேண்டும் என்பது போல இந்தியா தனக்கென்று கேட்டு வாங்கிய மாற்றங்களும் இருக்கின்றன. அந்த 670 கோடி வெறும் விமானத்துக்கு. 1,640 கோடியில் எல்லாம் அடக்கம்.

இந்த மாற்றங்களுக்கு மட்டும் 170 கோடி யூரோ என்று செய்தி வந்தது. வடிவமைப்பு, சோதனை என்று பெரும்பகுதி ஒரே ஒருமுறை ஆகிற செலவு. 36-ஆல் வகுத்தால் விமானத்துக்கு 4.7 கோடி யூரோ விழும். 2007 டெண்டரில் கேட்டபடி 126 வாங்கியிருந்தால் 1.35 கோடி யூரோதான். உண்மையான விவாதம் இங்கேதான் கிடக்கிறது. எண்ணிக்கையை ஏன் குறைத்தீர்கள் என்று எதிர்ப்பவர் மடக்கலாம். ரஃபேல் நிற்கும் அம்பாலா, ஹசிமாரா தளங்களில் கூடுதல் ஸ்குவாட்ரனுக்கு (போர் விமான அணிக்கு) இடம் தயார், அடுத்த கொள்முதலில் இந்தச் செலவு திரும்ப வராது என்று ஆதரிப்பவர் திருப்பலாம். இரண்டையும் மேடையில் நான் கேட்டதே இல்லை.

வகுத்தல் வெறி அயல்நாடுகளையும் விடாது. கத்தார் 2015-ல் 24 ரஃபேலுக்கு 630 கோடி யூரோ. ஒன்று 26 கோடி. நமக்கு 22 கோடி. "பார்த்தீர்களா, மலிவு!" என்பார்கள். கத்தார் தொகையில் விமானிகள், டெக்னீசியன்களுக்கான பயிற்சியும் ஏவுகணைகளும் சேர்த்தி. எதிர்ப்பவர் உடனே எகிப்தைக் கொண்டுவருவார்: அதே வருடம், 24 விமானம், 520 கோடி யூரோ. அதற்குள் ஒரு போர்க்கப்பலும் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. தெரிந்தால் அவர் பக்கம்தான் பலம். ஆனால் எத்தனை ஏவுகணை, எத்தனை வருடப் பராமரிப்பு என்று கேட்டால் அவரும் விழிப்பார். ஷோரூம் விலை, ஆன்-ரோடு விலை என்ற உதாரணத்தைச் சொல்லிச் சமாளிப்பவர்களும் உண்டு. அது போதாது, எந்த ஆன்-ரோடு விலையும் ஷோரூம் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போவதில்லை.

மேக் எண்ணை (ஒலியைப் போல எத்தனை மடங்கு வேகம்) ஒப்பிடுவது

மதிப்பெண் கிடையாது.

தீர்ப்பையும் தணிக்கை அறிக்கையையும் பாதி படிப்பது

"விலை சரி என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்பார்கள். ரஃபேல் வழக்கில் வந்த 2018 டிசம்பர் 14 தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. விலை விவரங்களை ஒப்பிடுவது தங்கள் வேலையல்ல என்று நீதிபதிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். இந்த ஒப்பந்தம் பற்றிய சிஏஜி (மத்திய தணிக்கைத் துறை) அறிக்கையின் கதையும் இதுதான். 126 விமானத்துக்கான முந்தைய பேரத்தைவிட 2.86 சதவீதம் மலிவு என்பதோடு ஒரு தரப்பு புத்தகத்தை மூடிவிடும். வங்கி உத்தரவாதம் இல்லாததால் விற்பவருக்கு மிச்சமான பணம் நமக்கு வந்திருக்க வேண்டும் என்று அதே அறிக்கை சொல்கிறது. அதை எதிர்த்தரப்பும் எடுப்பதில்லை. இவர்கள் எதைத்தான் படித்துவிட்டு எதிர்க்கிறார்கள்?

ஒப்பந்த விலை ஏறாது என்று நம்புவது

சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். புதிய போர் விமானம் வாங்க 2020-ல் மக்கள் வாக்கெடுப்பே நடத்தி, 50.1 சதவீத ஆதரவில் தப்பித்து, அமெரிக்காவின் எஃப்-35 விமானங்கள் 36 தேர்ந்தெடுத்தார்கள். விலை ஏறாது என்று அரசு அடித்துச் சொன்னது. 2025-ல் அமெரிக்கா கூடுதல் பணம் கேட்டது.

42 ஸ்குவாட்ரன்

நம்மிடம் இத்தனை இருப்பதாகச் சொல்வார்கள். அது நம் விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட அளவு, கையிருப்பு அல்ல. 2025 செப்டம்பரில் மிக்-21 விடைபெற்றபோது கையில் மிஞ்சியது 29.

"தேஜஸ் இருக்கும்போது வெளிநாட்டு விமானம் எதற்கு?"

கோவைப் பக்கம் இந்த வரிக்குத் தனி மவுசு. 18-வது ஸ்குவாட்ரன் 2020-ல் தேஜஸைப் பெற்றது சூலூரில் என்பதால் பெருமை இருக்கத்தானே செய்யும். ஆனால் தேஜஸின் எஞ்சின் அமெரிக்காவின் எஃப்404. மார்க் 1ஏ என்ற மேம்பட்ட தேஜஸ் ரகத்துக்காக 99 எஞ்சின்களுக்கு 2021-ல் ஆர்டர் போட்டார்கள். முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் வந்தது. அதுவரை விமானப்படை காத்திருந்தது. ஆகவே வெளிநாட்டை நம்பலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். எதற்காக, எத்தனை வருடத்துக்கு, தாமதமானால் அபராதம் யார் கட்டுவது என்று கேளுங்கள்.