ஒரு வாளி ஏசி தண்ணீரில் கார் கழுவி மெழுகு போடுவது

அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் கழுவ நினைத்தால் முதலில் வருவது தண்ணீர்ப் பிரச்சினை. சென்னை திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பின் ஸ்டில்ட் பார்க்கிங்கில், அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடத்தில், ஹோஸ் போட அசோசியேஷன் விடுவதில்லை. நல்ல விதி என்றே சொல்வேன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று எல்லா ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. பெங்களூரில் 2024 மார்ச்சில், குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். ஆனால் ஹோஸ் இல்லாமலே, ஒரு வாளிக்குள் காரைச் சுத்தமாகக் கழுவி மெழுகும் போட்டுவிடலாம்.

அதற்கு முன் தினசரி துடைப்பை நிறுத்துங்கள். பெரும்பாலான குடியிருப்புகளில் காலையில் ஒருவர் வந்து, ஒரே வாளி, ஒரே துணியில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கார்களைத் துடைப்பார். பெயின்ட்டுக்கு மேலே கிளியர் கோட் என்று ஒரு பூச்சு இருக்கிறது. சாதாரணமாக அது 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லியது. பக்கத்துக் காரின் மண் ஒட்டிய துணி அதன் மேல் தினமும் போனால், வெயிலில் நிறுத்தும்போது பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். கறுப்பு, கரு நீல வண்டிகளில் மனசே கெட்டுப்போகும். துடைப்பவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குக் கிடைக்கும் நேரமும் தண்ணீரும் அவ்வளவுதான். எங்கள் ஆளிடம் நான் சொன்னது இது: “அண்ணே, பாடியில துணி வைக்க வேணாம். முன் கண்ணாடியும் டயரும் மட்டும் பாத்துக்குங்க, காசு அதே காசுதான்.” தூசியோடு நிற்பதால் பெயின்ட் கெடாது. தூசியைத் தேய்த்தால்தான் கெடும். தூசி படிந்த வண்டிக்குக் கவர் போடுவதும் தேய்ப்பதுதான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். கடலோரப் பகுதியில் போர் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விட்டுப் போகும், நாளானால் அந்தப் புள்ளி கண்ணாடியில் ஊறிவிடும். ஆர்ஓ கழிவு நீர் அதை விட மோசம், உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. நான் எடுப்பது ஏசியிலிருந்து வடியும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு இல்லவே இல்லை என்று சொல்லலாம். சென்னைப் புழுக்கத்தில் இரவு முழுக்க ஏசி ஓடினால் வாளி நிறையக் கிடைக்கிறது. குழாயின் கீழே வாளி வைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மூடி வையுங்கள். திறந்து வைத்தால் கொசு முட்டையிடும், டெங்கு காலத்தில் அது விளையாட்டில்லை.

இந்தத் தண்ணீரில் கலக்க ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம் வேண்டும். சாதாரண கார் ஷாம்பு போட்டால் அலசியே ஆக வேண்டும், இதற்கு அலசத் தேவையில்லை. மண் துகளைச் சூழ்ந்து வழுக்க வைத்துத் தூக்கிவிடும். பாட்டிலில் 1:256 அளவு என்று போட்டிருந்தால் 4 லிட்டருக்கு 15 மில்லி போதும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டவே வேண்டாம், போட்ட மெழுகை அது உரித்துவிடும். இவற்றோடு ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணி, துவட்ட ஒரு பெரிய டவல், செடிக்கு மருந்தடிக்கும் சின்ன பம்ப் ஸ்ப்ரேயர்.

இன்ஜின் சூடு ஆறியிருக்க வேண்டும். துணிகளை எல்லாம் வாளியில் ஊறப் போடுங்கள். அதே கலவையை ஸ்ப்ரேயரில் ஊற்றி, துடைக்கப் போகும் பகுதியில் தாராளமாக அடித்து, ஓரிரு நிமிடம் விடுங்கள். மொத்த வேலையிலும் முக்கியமான கட்டம் இந்தக் காத்திருப்புதான். அப்புறம் ஒரு துணியை எடுத்து லேசாகப் பிழிந்து நான்காக மடித்தால், திருப்பித் திருப்பி எட்டுப் பக்கம் கிடைக்கும். கூரையில் தொடங்கி கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி என்று கீழே இறங்குங்கள். அழுத்தாமல், நேர்கோட்டில் ஒரே இழுப்பு. பக்கம் அழுக்கானால் திருப்புங்கள். எட்டும் தீர்ந்தால் அந்தத் துணியைத் தனியே போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று. அழுக்குத் துணி திரும்ப வாளிக்குள் போகவே கூடாது. துடைத்த பகுதியை உடனே டவலால் ஒற்றி எடுங்கள். தரையில் நாலைந்து சொட்டு விழுந்தால் அதிகம், செகரட்டரி பார்த்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். சக்கரத்துக்குக் கடைசியில் தனித் துணி. பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருப்பதால் அந்தத் துணி பாடிப் பக்கம் வரக் கூடாது.

காக்கா, புறா எச்சத்துக்கு வாரக் கடைசி வரை காத்திருக்காதீர்கள். அதிலுள்ள அமிலம் வெயில் பட்டால் பெயின்ட்டை அரித்துவிடும். ஈரத் துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு, ஊறியதும் அள்ளி எடுங்கள். மழையில் சேறு அப்பிய வண்டிக்கு இந்த முறை ஆகாது. வாட்டர் வாஷ் கொடுத்து, பிரஷ் போடாமல் தண்ணீர் மட்டும் பீய்ச்சச் சொல்லுங்கள், மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

மெழுகு போடும் முன் ஒரு சோதனை. கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால் கழுவியும் போகாத தூசி ஒட்டியிருக்கிறது. அதை எடுக்க, களிமண் போலப் பிசையக்கூடிய கிளே பார் என்று ஒன்று விற்கிறார்கள். அதே கலவையை நிறைய அடித்து, அதன் மேல் கிளேயை மெதுவாக வழுக்க விட்டால் எடுத்துவிடும். கிளே தரையில் விழுந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். பார்க்கிங் தரையின் மணல் ஒன்று ஒட்டினாலும் போதும், கீறிவிடும்.

மெழுகில் எனக்குப் பிடித்தது பிரேசில் பனை ஒன்றின் இலையிலிருந்து வரும் கார்னூபா. அதன் ஆழமான பளபளப்பு வேறெதிலும் வராது. ஆனால் நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. நாள் முழுக்க வெளியே நிற்கும் வண்டிக்கு மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட்தான் நல்லது. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் வண்டிக்கு இரண்டும் வேண்டாம். மெழுகு போடும் வேலைக்கு ஸ்டில்ட் பார்க்கிங் நிழல் வரப்பிரசாதம். கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்களில் மெழுகு பட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும், அதனால் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஸ்பாஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு மெல்லிசாகத் தடவுங்கள். தடிமனாகப் போட்டால் பளபளப்பு கூடாது, துடைக்கும்போது கை வலிதான் மிச்சம். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், இழுவினால் இன்னும் பொறுங்கள். புழுக்கமான நாளில் காய நேரமாகும். ஒரு கதவு முடிந்த பின் அடுத்த கதவு. துடைக்காமல் விட்ட மெழுகு ட்யூப் லைட் வெளிச்சத்தில் தெரியாது, போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசியில் ஒரு முறை கட்டாயம் போடுவேன். அடுத்தது எப்போது என்று தண்ணீரே காட்டும். பானெட்டில் தெளித்தால் உருண்டு நிற்கும் வரை மெழுகு இருக்கிறது, தட்டையாகப் பரவினால் திரும்பப் போட வேண்டும்.

துணிகளை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே, லிக்விட் சோப்பில் துவையுங்கள். கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்ற வேண்டாம், இழை அடைத்துத் தண்ணீரை உறிஞ்சாது. ரோட்டைப் பார்த்த பால்கனியில் காயப்போட்டால் தூசி ஏறும், வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் போடுங்கள். மடிக்கும்போது விரல்பட முரட்டு இழை தெரிகிற துணி இனி டயருக்குத்தான்.