பிஸ்டலில் இருந்து ரிவால்வருக்கு மாறும்போது

பிஸ்டலில் பத்துக்குப் பத்து அடித்தவர்கூட ரிவால்வரைக் கையில் எடுத்ததும் தடுமாறுவார். வலது கைக்காரர் என்றால் குண்டு பெரும்பாலும் இடப்பக்கம் கீழே போய் விழும். குறை கண்ணில் இல்லை, விரலில்தான்.

ரிவால்வரின் டபுள் ஆக்ஷன் ட்ரிகர் (ஒரே இழுப்பில் சுத்தியலைப் பின்னே தள்ளிச் சுடவும் செய்வது) நீளமானது, கனமானது. அஞ்சு கிலோ வரைகூட இழுக்க வேண்டியிருக்கும். விரல் நுனி போதாது, முதல் மடிப்பை வையுங்கள். நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக இழுங்கள். சுட்டபின் ட்ரிகரை முழுதாக முன்னே விடுங்கள். பிஸ்டல் பழக்கத்தில் பாதியிலேயே மறுபடி இழுத்தால் சிலிண்டர் (தோட்டா அறைகள் உள்ள உருளை) சுழலாது.

வீட்டுப் பயிற்சிக்கு, சிலிண்டரைத் திறந்து எல்லா அறையும் காலி என்று இரண்டு முறை பாருங்கள். நிஜத் தோட்டா நீங்கள் பயிற்சி செய்யும் இடத்திலேயே இருக்கக்கூடாது. வெடிக்காத டம்மி தோட்டா போட்டு, குழல்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாதபடி சுவரைப் பார்த்து இழுங்கள். எனக்கு முதல் வாரம் முழுக்க நாணயம் தரையில்தான்!

அப்புறம், கட்டைவிரலை பிஸ்டல் போல முன்னே நீட்டாதீர்கள்; சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் சூடான வாயு சீறும், விரல் வெந்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் மரப்பிடி வழுக்கும், ரப்பர் பிடி மாட்டிக்கொள்ளுங்கள். இடுப்பில் ஒரு துண்டும் இருக்கட்டும்.