ராக் இசையைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது எப்படி

என் அப்பாவுக்கு 78 வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். கோயில் திருவிழா வந்தால் தப்பு மேளம் அடிப்பவர். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். என் மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் வீட்டு அஞ்சடியில் மூவரும் உட்கார்ந்து ஒரே பாட்டை வாசிக்கிறோம். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவனும் வருவான். இந்த இடத்துக்கு வந்து சேர எனக்கு மூன்று வருடம் ஆனது. அதில் முதல் இரண்டு வருடம் நான் செய்ததெல்லாம் தவறு. நீங்கள் அந்த இரண்டு வருடத்தை மிச்சப்படுத்தலாம் என்றுதான் எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்கள் கோப்பிக்கடையில் அடிக்கடி சொல்வது, "இப்பல்லாம் யாருப்பா ராக் கேக்குறா?" அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவிலேயே 2017-இல் ஹிப்ஹாப்பும் ஆர் அண்ட் பியும் சேர்ந்து, கேட்கப்படும் அளவில் ராக்கை முந்திவிட்டன. நம் மலேசியாவில் 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ராப் தொகுப்பு வந்த பிறகு தோட்டத்துப் பையன்களின் வாயில் ராப்தான் புழங்குகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. நல்ல பாட்டு, நம் தமிழ். ஆனால் ராக் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகளைக் கேட்க மட்டும் வைத்தால் அது அப்பாவின் பழைய பாட்டாகவே நின்றுவிடும். வாசிக்க வைத்தால் அவர்களுடையதாகிவிடும். ராக் கையால்தான் கைமாறும்.

முதல் வேலை, பேச்சைக் குறைப்பது. எனக்கு ராக் வந்தது 1989-இல், பதினைந்து வயதில். பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர் 'சர்ச்' என்ற மலாய் ராக் குழுவின் கேசட்டைக் கொடுத்து, "நாளைக்குத் திருப்பிக் குடுத்துடு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. 'இசபெல்லா' பாட்டை அன்று ராத்திரி எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. மலாய்ப் பாட்டு, ஆனால் எங்கள் லயத்தில் அதைப் பாடாத பையன் கிடையாது. பினாங்கின் லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' அதற்கு முன்பே எங்களுக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்திருந்தது. அவர்கள் பாடியது ராக் இல்லை, மலாய் பாப். ஆனாலும் நம் முகம் ஒன்று டிவியில் குழு வைத்துப் பாடியதைப் பார்த்த பிறகு கிட்டார் எங்களுக்குத் தூரத்துப் பொருளாகத் தெரியவில்லை.

இந்தக் கதையை எல்லாம் என் மகளிடம் காடியில் போகும்போது சொல்லிக்கொண்டே பாட்டைப் போடுவேன். 1992-இல் நீளமுடி வைத்த ராக்கர்களை அரசுத் தொலைக்காட்சி ஆர்டிஎம் திரையில் விடாத கதை, சர்ச் குழுவின் பாடகர் ஏமியின் முடி வெட்டப்பட்ட கதை, எல்லாம். அவள் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொள்வாள். பிள்ளைக்குப் பாட்டு வேண்டும். நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் காடியில் ஒரு முறை இருக்கிறது. ஆளுக்கு ஒரு பாட்டு, வரிசையாக. அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. பாட்டு முடியும்வரை யாரும் பேசக் கூடாது. "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கவே கூடாது. உங்கள் முறை வரும்போது நாலு நிமிடத்துக்குள் முடியும் பாட்டாகப் போடுங்கள். ஏழு நிமிட கிட்டார் தனி ஆவர்த்தனம் பிறகு வரட்டும். அவள் போடும் பாட்டை நீங்கள் உண்மையாகவே கேளுங்கள். பாசாங்கு செய்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

அப்படிக் கேட்டதில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. என் மகளுக்கு ராக் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது, என் வழியாக இல்லாமல். 2022-இல் வந்த 'போச்சி த ராக்' என்ற ஜப்பானிய அனிமே. கூச்சப்படும் ஒரு பெண்பிள்ளை கிட்டார் வாசித்துக் குழுவில் சேரும் கதை. அதில் வரும் பாட்டுகள் சுத்தமான கிட்டார் ராக். ஜப்பான் மொழி எனக்கு ஒரு சொல்லும் புரியாது, ஆனால் கிட்டார் புரிந்தது. பக்கத்து வீட்டுத் தம்பிக்கோ பந்து விளையாட்டு வழியாக வந்திருக்கிறது. மைதானத்தில் கூட்டமே வாயால் முழங்குமே, ஏழு சுரம், அது 'வைட் ஸ்ட்ரைப்ஸ்' குழு 2003-இல் வெளியிட்ட பாட்டின் கிட்டார் வரி. அவன் அதைப் பாட்டு என்றே நினைக்கவில்லை, பந்து ரசிகர்களின் கோஷம் என்று நினைத்திருந்தான். உங்கள் பிள்ளையிடம் ராக் எந்த வாசல் வழியாக வந்திருக்கிறது என்று தேடுங்கள். அனிமேவோ, கேமோ, பந்தோ, எதுவாக இருந்தாலும் அந்த வாசலிலிருந்து தொடங்குங்கள். "அது உண்மையான ராக் இல்ல" என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. நான் ஒரு முறை சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் அவள் எனக்கு எந்தப் பாட்டையும் காட்டவில்லை.

அடுத்து கிட்டார். புதிதாக வாங்க ஓடாதீர்கள். என் தலைமுறையில் முக்கால்வாசி வீட்டில் ஒரு பழைய கபோக் கிட்டார், அதாவது கரண்ட் இல்லாத சாதா மரக் கிட்டார், அலமாரி மேலே கிடக்கும். அதை இறக்குங்கள். கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள், துப்பாக்கி குறி பார்ப்பதுபோல. நன்றாக வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள், பிள்ளை அதோடு போராடி வெறுத்துவிடும். நேராக இருந்தால் காப்பாற்றலாம். நம் ஊர் ஈரக்காற்றில் இரும்புக் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுச்செட் போடுங்கள். கடையில் 10 அளவு என்று கேளுங்கள், மெல்லியது, பிஞ்சு விரலுக்கு அதுதான் சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய கிட்டார் நைலான் கம்பிக்காகச் செய்ததாக இருந்தால் இரும்புக் கம்பி போடக் கூடாது. அந்த இழுவையில், கம்பியின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பாலம் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

முறுக்காணி இறுகிப்போயிருந்தால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கம்பி பலகைக்கு மேலே ரொம்ப உயரமாக நின்றால், பாலத்தில் செருகியிருக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து, அதன் அடிப்பக்கத்தை மணல்தாளில் சமமாகத் தேயுங்கள். அரை மில்லிமீட்டர் தேய்த்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அவசரப்பட்டு அதிகம் தேய்த்தால் கம்பி இறங்கிப்போய்ப் பலகையில் இடித்துக் கரகரக்கும். இந்த ஒரு வேலைதான் பிள்ளை தொடர்ந்து வாசிப்பதா, விட்டுவிடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது. என் மகள் முதல் மாதம் அழுதாள். நான் அவளுக்கு மனம் இல்லை என்று நினைத்தேன். குறை கிட்டாரில் இருந்தது. சரி செய்து கொடுத்த அன்றே ஒரு மணி நேரம் வாசித்தாள்.

இப்போது முதல் ரிஃப். பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் வரிக்குத்தான் ரிஃப் என்று பெயர். பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் கார்ட், இசைக்குறிப்பு என்று எதையும் தொடாதீர்கள். மேலே இருக்கும் தடித்த கம்பி ஒன்றே போதும். எந்தக் கட்டத்தில் விரல் வைக்க வேண்டும் என்பதற்கான எண்கள் இவை, 0 என்றால் கம்பியைச் சும்மா விட்டு மீட்டுவது:

0 – 3 – 5, 0 – 3 – 6 – 5, 0 – 3 – 5 – 3 – 0

பத்து நிமிடத்தில் வந்துவிடும். வந்தவுடன் வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் அது எங்கேயோ கேட்டதாக இருக்கும். 'டீப் பர்ப்பிள்' குழு 1972-இல் வெளியிட்ட 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. அசலில் நாலாவது, மூன்றாவது கம்பிகளைச் சேர்த்து இதே எண்களில் வாசிப்பார்கள். ஒரு வாரம் கழித்து அதற்குப் போகலாம். வாசித்து முடித்த பிறகு, அவள் கேட்டால் மட்டும், கதையைச் சொல்லுங்கள். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மொந்த்ரோ ஊரில் ஒரு கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது யாரோ தீப்பொறித் துப்பாக்கியைச் சுட்டு, காசினோ முழுவதும் எரிந்துபோனது. அங்கே பாட்டுப் பதிவுக்கு வந்திருந்த இந்தக் குழு, ஏரி மேல் புகை படர்வதைப் பார்த்து எழுதியதுதான் அது.

விரல் வலிக்கும். இரண்டு மூன்று வாரம் நுனி சிவந்து கிடக்கும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். என் அப்பா அவள் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பால்வெட்டுக் கத்தி பிடித்துக் காய்ப்பேறிய தன் கையைக் காட்டினார். பிறகு நான் 'பிளாக் சப்பாத்' குழுவின் கிட்டார் வாசிப்பாளர் டோனி அயோமியின் கதையைச் சொன்னேன். இந்த ஒரு கதையை மட்டும் அவள் கேட்காமலே நான் சொல்வேன். பர்மிங்ஹாமில் தகரம் வெட்டும் ஆலையில் வேலை செய்த பையன். பதினேழு வயதில் இயந்திரத்தில் மாட்டி, வலது கையின் இரண்டு விரல் நுனி போய்விட்டது. இடதுகை வாசிப்பாளர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தானே விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய கம்பி போட்டார், பின்னால் சுருதியையும் இறக்கினார். 'பிளாக் சப்பாத்'தின் அந்தக் கனத்த ஓசைக்கு அந்த விரல்களும் ஒரு காரணம். ஆலையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவன் நான். கை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த ஓசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அது நம் ஆட்களின் இசையாகத்தான் கேட்கிறது.

தாத்தாவை ஓரமாக உட்கார வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் டிரம்ஸ் கிடையாது, வாங்க இடமும் இல்லை. அப்பாவின் தப்பு இருந்தது. பழைய நியூஸ்பேப்பரைக் கொளுத்தி அதன் அனலில் தோலைக் காய்ச்சி விறைப்பேற்றிவிட்டு உட்காருவார். முதல் நாள் ஒத்துவரவே இல்லை. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ராக்கில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினால் பலத்த அடி இரண்டிலும் நாலிலும் விழும். அப்பாவுக்குக் கை தானாக ஒன்றில்தான் விழும். கோயில் வாசலில் அறுபது வருடம் அடித்த கை, அதை மாற்றச் சொல்வது நியாயமில்லை. அதனால் ஒன்றையும் மூன்றையும் அவருக்கே கொடுத்துவிட்டோம், டிரம்ஸில் காலால் மிதிக்கும் பெரிய மத்தளத்தின் இடம் அது. இரண்டையும் நாலையும் பக்கத்து வீட்டுத் தம்பி பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அடித்தான். அவன் உறுமி மேளக் குழுவில் இருக்கிறான், கை சுத்தம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது பாட்டு மாதிரி கேட்டது. அப்பா கடைசியில் தானாகவே ஒரு உருட்டு போட்டு முடித்தார். என் மகள் அதை இப்போது எல்லாப் பாட்டுக்கும் கேட்கிறாள்.

உங்கள் வீட்டில் தப்பு இல்லையென்றால் உறுமி இருக்கும், தபேலா இருக்கும், ஒன்றும் இல்லையென்றால் மேசை இருக்கிறது. பெரியவருக்குத் தெரிந்த அடியைச் சுற்றிப் பாட்டை அமையுங்கள்.

சத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் முதலில் ஒரு மண்டபத்தில் முன்கூட்டியே யாரிடமும் பேசாமல் வாசித்தோம், புகார் வந்து நிறுத்தச் சொன்னார்கள். இப்போது இரண்டு பக்கத்து வீட்டுக்கும் நேரம் சொல்லிவிட்டோம்: ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்து. அசார் பாங்கு கேட்டவுடன் நிறுத்திவிடுவோம், முடிந்த பிறகு தொடர்வோம். தாமானில் சாவு வீடு இருந்தால் அந்த வாரம் கிடையாது. பிறகு எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் போனால் பத்து வாட் ஆம்ப், அதன் ஒலிபெருக்கி, தாராளம். எர்த் இல்லாத இரண்டு முள் அடாப்டரில் அதைச் செருகாதீர்கள், ஷாக் அடிக்கும். சாயங்கால இடி தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

2025 ஜூலை 5-ஆம் தேதி பர்மிங்ஹாமின் வில்லா பார்க்கில் பிளாக் சப்பாத்தின் கடைசிக் கச்சேரி நடந்தது. அதன் காட்சிகளை மகளும் நானும் கைப்பேசியில் பார்த்தோம். அவர்களுடைய பாடகர் ஓஸி ஆஸ்போர்னால் நிற்க முடியவில்லை, சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். அன்று அவர்களுடைய 1972 பாட்டான 'சேஞ்சஸ்'-ஐப் பாடியது யங்பிளட், 27 வயதுப் பையன். எனக்கு ஓஸியைத் தெரியும், யங்பிளட்டைத் தெரியாது. அவளுக்கு யங்பிளட்டைத் தெரியும், அது யார் பாட்டு என்று தெரியாது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். பதினேழு நாள் கழித்து, 22-ஆம் தேதி, ஓஸி இறந்துவிட்டார். அவள்தான் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக என்னிடம் கேட்டாள், "அப்பா, அந்தப் பாட்ட நம்ம வாசிக்கலாமா?"

அப்படிக் கேட்கும் நாள் வந்துவிட்டால் உங்கள் வேலை மாறிவிடும். பாட்டை இனி பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும், எண்ணிக்கையை அவள் தொடங்கட்டும், நீங்கள் பின்னால் நின்று ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டிருங்கள். கிட்டாரை உறைக்குள் போட்டு அலமாரி மேல் ஏற்றாதீர்கள். சுவரில் ஓர் ஆணி அடித்து, அடுப்பங்கரைக்குப் போகும் வழியில், கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். ஈரம் படியும் வெளிச்சுவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆணி இருக்கிறது, தப்புக்கு.